அந்தக் கால்களுக்கு முப்பது வயது

(மரக்காணம் அருகே படிப்பு வட்டத் தோழர்கள் 2025 ஏப்ரலில் நடத்திய அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இருபதுகள் எனக்குக் கற்றுக்கொடுத்தவை.' நான் முப்பதைத் தாண்டி இரண்டு வருடம் ஆகிறது, ஆய்வு மாணவி, இந்தக் கரையில் பிறந்தவள், அதனால் இளைஞர்களுக்கு ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கிறார்கள். கூப்பிட்டதற்கு நன்றி. ஆனால் இந்தத் தலைப்பைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. காரணம் என் செல்போன். முப்பது வயதை நெருங்குகிறவர்கள் என்று அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. 'முப்பதுக்குள் நீங்கள் கற்க வேண்டிய பத்து பாடங்கள்' என்று தினமும் ஒரு வீடியோ வரும். அதில் எல்லாவற்றிலும் முதல் பாடம் ஒன்றுதான்: விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள், வாழ்க்கை மாறிவிடும்.

எங்கள் தெருவில் மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். மூன்று தலைமுறையாக எழுந்துகொண்டிருக்கிறார்கள். உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் அப்படித்தான். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் உப்பை வாரி வரப்பில் சேர்க்க வேண்டும். வாழ்க்கை எவ்வளவு மாறியது என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் பத்து பாடம் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு தப்பைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். என் இருபதுகளில் நான் செய்தது. அதை இந்த ஊரில் வைத்துச் சொல்வதுதான் நியாயம்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் முதுகலை சேர்ந்த புதிதில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் 'பாண்டிச்சேரி பக்கம்' என்பேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர்களுக்கு மரக்காணம் தெரியும். காரை நிறுத்தி உப்பு அம்பாரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது பனிமலை மாதிரி. ஆனாலும் நான் ஊர் பெயரைச் சொல்லமாட்டேன். ஏனென்றால் சொன்னால் அடுத்த கேள்வி, 'அந்தக் கலவரம் நடந்த ஊரா?' அதற்கு அடுத்தது, வாய்விட்டுக் கேட்காத கேள்வி, 'நீ எந்தப் பக்கம்?'

2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழாவுக்கு வண்டி வண்டியாகப் போனார்கள். போகிற வழியில் மரக்காணத்தில் நம் மக்களின் வீடுகள் எரிந்தன. அதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னால்தான், 2012 நவம்பர் 7-ல், தர்மபுரியில் நத்தம் காலனி எரிந்திருந்தது. எனக்கு அப்போது இருபது வயது, இளங்கலை இரண்டாம் ஆண்டு. விடுதி டிவியில் கடற்கரைச் சாலையின் புகையைப் பார்த்தேன். வீட்டுக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை. ராத்திரி அக்காதான் பேசினாள். "வராதடி. அங்கயே இரு. சர்ட்டிபிகேட்டு எல்லாம் எங்க வெச்சிருக்க?" என்று கேட்டாள். விடுதியில்தான் இருக்கிறது என்றேன். "அப்ப சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் வீடு எரியவில்லை. ஆனால் என் இருபதுகள் அந்தப் போன் காலில்தான் தொடங்கின. வீடு போனாலும் சான்றிதழ் தப்பித்தால் போதும் என்று நினைக்கிற ஒரு அக்கா எனக்கு இருந்தாள். அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை, எந்த உப்பளம் என்பதையும் சொல்லமாட்டேன். காரணம் பிறகு வரும்.

அக்கா என்னைவிட நான்கு வருடம் மூத்தவள். பத்தாம் வகுப்பு முடித்த வருடம் அப்பா படுத்துவிட்டார். அம்மாவோடு அவளும் அளத்துக்குப் போனாள். பதினாறு வயது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. யார் படிப்பது, யார் போவது என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மூத்தவள் போனாள், இளையவள் படித்தாள். அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதை நடத்தினார்கள். திருச்சியிலிருந்து நடந்து போனார், சட்டத்தை மீறி ஒரு பிடி அள்ளினார் என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும். என் வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் அன்று காலையும் கூடை கூடையாக உப்பு அள்ளிவிட்டு வந்திருப்பார்கள். அந்த உப்பையும் இந்த உப்பையும் சேர்த்து ஒரு வார்த்தை பேசிய ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

சரி, படித்தேன். முதலாவதாக வந்தேன் என்றெல்லாம் இல்லை, சுமாராகத்தான். அரசாணை 92 இருந்ததால் கட்டணம் இல்லாமல் பட்டப்படிப்பு முடிந்தது. அந்த 2012-ஆம் வருட அரசாணையால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். பிறகு சென்னை. 2016 ஜனவரி 17-ல் ரோஹித் வெமுலாவை இழந்தபோது எனக்கு 22 வயது. அவருக்கு 26. இன்னும் இரண்டு வாரத்தில் 27 ஆகியிருக்கும். அடுத்த வருடம் மார்ச்சில், சேலத்திலிருந்து ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குப் போன முத்துக்கிருஷ்ணன். முப்பது வயதில் திரும்பிப் பார்ப்பது என்று தலைப்பு கொடுக்கும்போது, திரும்பிப் பார்ப்பதற்கு அந்த வயது வரைக்கும் போக முடியாதவர்கள் நம்மில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நான் யோசிக்கிறேன். அந்தக் கோபத்தில்தான் ஆய்வுக்கு வந்தேன். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்வேன், எங்கள் மக்களின் துயரத்தை உலகத்துக்குச் சொல்வேன் என்று விண்ணப்பத்தில் எழுதினேன். அப்படியே எழுதினேன், 'துயரம்' என்ற சொல்லைப் போட்டு.

உதவித்தொகை கிடைத்தது. கிடைத்தது என்றால் பட்டியலில் பெயர் வந்தது. பணம் ஏழு மாதம், எட்டு மாதம் கழித்து மொத்தமாக வரும். வராத மாதங்களில் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தை அக்காதான் அனுப்பினாள். அவளுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. மத்திய அரசின் உதவித்தொகையை உப்பளத்துக் கூலி முன்பணமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. இதை நான் எந்த மாநாட்டிலும் சொன்னதில்லை.

மாநாட்டுக்கு வருகிறேன்.

2019. எனக்கு 26. முதல் பெரிய கருத்தரங்கு, வெளிமாநிலத்தில். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. உழைப்பும் உடலும் என்று ஏதோ ஒரு அமர்வு. கட்டுரையோடு ஸ்லைடு போட வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தபோது, திண்ணையில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் பாதங்களைச் செல்போனில் படம் எடுத்திருந்தேன். பாளம் பாளமாக வெடித்த குதிகால். விரலிடுக்கில் வெள்ளையாக அரித்த புண். கணுக்கால் வரைக்கும் தோல் சாம்பல் பூத்திருக்கும். உப்பளத்தில் இருப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அவளிடம் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் படம் திரையில் வந்ததும் அரங்கில் ஒரு சின்ன சத்தம் கேட்டது. 'ச்சு' என்று. எனக்குள் ஒரு திருப்தி. தோழர்களே, இதை ஒளிக்க விரும்பவில்லை, திருப்திதான். பேசி முடித்ததும் கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர், நல்ல மனுஷர்தான், அக்கறையோடு கேட்டார்: "அந்தப் பாட்டிக்கு என்ன வயது இருக்கும்?"

அக்காவுக்கு அப்போது முப்பது.

நான் பதில் சொல்லவில்லை. "பல வருடமாக இந்த வேலையில் இருப்பவர்" என்று எதையோ சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். முப்பது என்று சொல்லியிருந்தால் அரங்கம் இன்னும் பெரிதாக 'ச்சு' கொட்டியிருக்கும். அது வேண்டாம் என்று விட்டேனா? இல்லை. என் அக்கா என்று சொல்ல வேண்டிவரும். அந்த அரங்கில் நான் ஆய்வாளர். அந்தக் கால்கள் தரவு. இரண்டும் ஒரே வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரையில் நான் கோபால் குருவை மேற்கோள் காட்டியிருந்தேன். 2002-ல் அவர் எழுதிய கட்டுரை, இந்தியச் சமூக அறிவியல் எவ்வளவு சமத்துவமானது என்று கேட்பது. கோட்பாடு சொல்பவர்கள் ஒரு சாதி, தரவு தருபவர்கள் இன்னொரு சாதி என்று அறிவுத்துறைக்குள்ளும் வர்ணம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அதில் வாதிடுவார். அந்தக் கட்டுரையை நான் நாலைந்து முறை படித்திருக்கிறேன். அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு, என் வீட்டுத் திண்ணையில் அதையே செய்தேன். மேல்சாதிப் பேராசிரியர்கள் நம்மைத் தரவாக்குகிறார்கள் என்று பேச எனக்குப் பத்து மேடை கிடைத்தது. நான் ஒருத்தியைத் தரவாக்கியதை எனக்குக் காட்ட ஒருவரும் வரவில்லை. ஒரு குழந்தைதான் வந்தது.

2023 பிப்ரவரியில் எனக்கு முப்பது வயது ஆனது. வீட்டுக்கு வந்திருந்தேன். முப்பது என்றதும் தெருவில் எல்லோருக்கும் ஒரே கவலை. ஒரு பெரியம்மா நேராகவே கேட்டார், "படிச்சி முடிக்கறதுக்குள்ள பல்லு கொட்டிடப் போவுது, மாப்ள எப்ப பாக்கறது?" அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாகப் பேசலாம், அதற்கே ஒரு கூட்டம் போட வேண்டும். அன்று சாயங்காலம் அக்கா மகள் என் லேப்டாப்பை நோண்டிக்கொண்டிருந்தாள். படம் படமாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் திடீரென்று கத்தினாள்: "யம்மா, இது உன் காலு!"

அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்க போட்ட இத?" என்றாள். சொன்னேன். "எத்தினி பேரு இருந்தாங்க?" நூறு பேர் இருக்கும் என்றேன்.

"ஏன்டி, மூஞ்ச போட்டா இன்னா? நல்லாத்தான இருக்குது என் மூஞ்சி."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள். அக்கா அழகி, சொல்லிவிடுகிறேன். கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் தெரியும். என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் அந்தப் பாட்டிக் கேள்வியையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகளிடம் "ஏய், உங்கம்மா பாட்டியாம்டி" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"ம்" என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு முப்பது வயது ஆன நாளில் நடந்தது இது. நான் என் கால்களைப் பார்த்தேன். நகச்சாயம் பூசியிருந்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் இதே வயது.

இன்று பாபாசாகேப் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். அவருடைய இருபதுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். என் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. 1891-ல் பிறந்தவர். 22 வயதில், 1913-ல், அப்பா ராம்ஜி இறந்த சில மாதங்களில் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறுகிறார். 25 வயதில், 1916 மே மாதம், கொலம்பியாவில் இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசிக்கிறார். 26 வயதில் பரோடாவில் வேலைக்குத் திரும்புகிறார். தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றுகிறார்கள். ரயில் நேரம் வரை ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்துவிட்டு இரவு ரயிலில் மும்பைக்குத் திரும்புகிறார். 28 வயதில், 1920 ஜனவரி 31-ல், 'மூக்நாயக்' பத்திரிகை. வாயில்லாதவர்களின் தலைவன் என்று பொருள். அதே மார்ச்சில் மாங்காவ் மாநாடு. 29 வயதில் விட்ட படிப்பை முடிக்க மறுபடியும் லண்டன்.

இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். என் இருபதுகள் முழுக்க இந்த வருடங்களை எண்ணிக்கொண்டுதான் வாழ்ந்தேன். 25 ஆகிவிட்டது, பாபாசாகேப் இந்த வயதில் என்ன செய்தார் என்று. நீங்களும் செய்வீர்கள். ஆனால் ராமாபாய்க்கு அந்த வருடங்களில் என்ன வயது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்று ராத்திரி எண்ணினேன். 1906-ல், சிறு பெண்ணாக, கல்யாணம். கணவர் 1920-ல் மறுபடி லண்டன் போனபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். மும்பை பரேலில் தொழிலாளர் குடியிருப்பில், கையில் காசில்லாமல் குடும்பத்தை இழுத்தார். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தார். 1935-ல், நாற்பது வயதுக்கு முன்பே, காலமானார். பாபாசாகேப் இதை மறைக்கவில்லை. 1940-ல் வந்த பாகிஸ்தான் பற்றிய நூலை ராமுவின் நினைவுக்குத்தான் அர்ப்பணித்தார். நாம்தான் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு படமாக ராமாபாயை வைத்துவிட்டு, இவருடைய வருடங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

என் வளர்ச்சி என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் பக்கத்தில் அக்காவின் வருடத்தையும் எழுதிப் பார்த்தேன். நான் முதுகலை முடித்த வருடம் அவளுக்கு ஒரு கரு கலைந்தது. எட்டு மாதமாக இருந்தபோதும் கூடை சுமந்தவள். நான் நெட் தேர்வில் தேறிய வருடம் அவள் கண்ணில் தண்ணீர் வடியத் தொடங்கியது. வெள்ளை உப்பில் வெயில் அடித்துத் திரும்பும் வெளிச்சம் அது. கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், மேஸ்திரி கிண்டல் செய்தான் என்று கழற்றிவிட்டாள்.

அன்றைய விஷயத்துக்குப் பிறகு நான் செய்தது இதுதான். ஐந்து வருட ஆய்வு கையில் இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பருவம் முழுக்க அக்காவோடு அளத்துக்குப் போனேன். நெறியாளர் "தாமதமாகும்" என்றார். ஆனது. இன்னும் முடியவில்லை. உப்பளத்துக்குப் போனால் உப்பு அள்ளுவதைத்தான் எழுத வேண்டும் என்று நான் முன்பு நினைத்திருந்தேன். அக்கா என்னை ஆரம்பத்திலிருந்து பார்க்கச் சொன்னாள்.

கார்த்திகை, மார்கழி மழையில் அளம் முழுக்க நல்ல தண்ணீர் நிற்கும். மழை விட்டதும் அதை இறைத்து வெளியேற்ற வேண்டும். வண்டலை வாரி வரப்பு கட்ட வேண்டும். அதன் பிறகு பாத்தித் தரையை மிதிப்பது. வரிசையாக நின்று, ஒரு காலை ஒட்டி மறுகாலை வைத்து, நாள்கணக்கில் களிமண்ணை மிதித்து இறுக்க வேண்டும். இறுகாவிட்டால் விடுகிற உவர்நீர் பூமிக்குள் போய்விடும், உப்பில் மண் ஏறும். தரை எங்கே இறுகியிருக்கிறது, எங்கே இன்னும் பசையாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரியவில்லை. அக்கா நடந்துபோகும்போதே "இங்க ஒரு மிதி பத்தாது" என்பாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"காலு சொல்லும்" என்றாள். "நீ படம் புடிச்சியே, அதே காலுதான்."

கடல்நீர் போமே கருவியில் 3 டிகிரி காட்டும். பாத்தி மாற்றிப் பாத்தி காயவைத்து 25 டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போது உப்பு கட்டத் தொடங்கும். ஜிப்சம் அதற்கு முந்தைய பாத்திகளிலேயே படிந்துவிட வேண்டும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், அதற்குள் அந்தத் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அக்கா தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்வாள். லேசாகச் சிவந்தால் ஒன்று, மேலே ஏடு கட்டினால் ஒன்று. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பாள். மேஸ்திரியின் கண்ணாடிக் குழாய் காட்டுவதற்கும் அவள் சொல்வதற்கும் அரை டிகிரி, ஒரு டிகிரிதான் வித்தியாசம். நான் நாற்பது நாள் எழுதி வைத்துப் பார்த்தேன். இப்போது என் ஆய்வேட்டில் மூன்றாம் இயல் அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டு, 'ஆஹா, நம் மக்களின் பாரம்பரிய அறிவு' என்று யாரும் புளகாங்கிதப்பட வேண்டாம். நானும் பட்டேன். அளத்திலேயே உட்கார்ந்து, "அக்கா, உன் கால்ல இருக்கறது புண்ணு இல்ல, அறிவு" என்று சினிமா வசனம் மாதிரிச் சொன்னேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள்.

"புண்ணும்தான்டி. ராத்திரி எரியறது உனுக்கா, எனுக்கா?"

சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று பாபாசாகேப் 1936-ல் சொன்னதை நாம் எல்லோரும் மேடையில் சொல்கிறோம். அந்த வேலையில் எவ்வளவு அறிவு இருந்தாலும் தன் மகள் அதற்கு வரக்கூடாது என்பதில் அக்கா உறுதியாக இருக்கிறாள். பூட்ஸ் கொடுக்கச் சொல், கண்ணாடி கொடுக்கச் சொல், ஆம்பளைக்குக் கொடுக்கிற கூலியைக் கொடுக்கச் சொல், மழை மாதத்தில் சோற்றுக்கு வழி சொல். இதுதான் அவள் கேட்பது. மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று அரசு சில வருடங்களாகக் கொடுக்கிறது. அதை வாங்க நலவாரிய அட்டை வேண்டும். நம் தெருவில் எத்தனை பெண்களிடம் அட்டை இருக்கிறது என்று கூட்டம் முடிந்ததும் ஒரு கணக்கு எடுக்கலாம். இந்தப் பக்கத்துக் கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான், பறவைகள் மேல் எந்தப் பொறாமையும் இல்லை. சைபீரியாவிலிருந்து வருகிற பறவைக்குப் பதிவேட்டில் இடம் கிடைத்துவிட்டது, பாத்தி மிதிக்கிறவர்களுக்கும் ஒன்று கிடைக்கட்டும்.

ஒரு தோழர் என்னிடம் சண்டை போட்டார். காயத்தைக் காட்டாமல் எப்படி நியாயம் கேட்பது, 2013-ல் எரிந்த வீடுகளைப் படம் எடுக்காமல் இருந்திருந்தால் உலகம் நம்பியிருக்குமா என்று. சரியான கேள்வி. அந்தப் படங்கள் எடுத்தேயாக வேண்டும். ஆனால் அன்று எரிந்த வீட்டுக்கு முன்னால் நின்றவர்கள் 'எடு, எல்லாத்தையும் எடு' என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு இந்த வித்தியாசம் 26 வயதில் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வேறு யாராவது செய்திருந்தால் நான் அன்றைக்கே பதிவு போட்டிருப்பேன்.

முப்பதில் எல்லாம் தெளிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். நான் முப்பதைத் தொட்ட அதே 2023-ல், மே மாதம், இதே கரையில் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்து மீனவ மக்கள் செத்தார்கள். ஜூன் 7-ல் இதே மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள், நாம் உள்ளே போகக்கூடாது என்றவர்களால். அந்த வாரம் முழுக்க எனக்கு எழுதத் தோன்றவில்லை. இருபதில் இருந்த கோபம் அப்படியேதான் இருக்கிறது. கோபப்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டியா என்று அக்காவைக் கேட்கப் பழகியிருக்கிறேன். முன்பெல்லாம் அவள்தான் கேட்பாள்.

ஆய்வேட்டில் அவள் பெயரைப் போட வேண்டும் என்று போன வருடம் கேட்டேன். மூன்றாம் இயல் அவளுடையது, முகப்பில் அவள் முகம், அவள் பெயர் என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "கூலி பத்தி எழுதி இருக்கியா அதுல?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறேன் என்றேன். "அப்ப வேணாம். அடுத்த வருசம் வேலைக்கு வராதன்னுட்டான்னா?" என்றாள். முகத்தைப் போடு என்று கேட்டவள் இப்போது முகமும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்கிறாள். இது என்னால் தீர்க்கக்கூடிய விஷயமாக இல்லை. பெயர் போட்டால் வேலை போகாது என்கிற நிலைமை இந்த அளத்தில் வர வேண்டும், அது சங்கம் வைத்தால்தான் வரும். அதைத்தான் நீங்களும் நானும் கூட்டம் முடிந்து உட்கார்ந்து பேசப்போகிறோம்.

அக்கா இன்று வரவில்லை. சித்திரை வெயில், பாத்தி நிறைய விளைந்திருக்கிறது, மூன்று மணிக்குப் போக வேண்டும். இந்நேரம் தூங்கியிருப்பாள். பேச்சைப் போனில் பதிவு செய்து எடுத்து வரச் சொன்னாள், இதோ மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளம்பும்போது என்ன பேசப்போகிறேன் என்று சொன்னேன், எல்லாவற்றையும். கேட்டுவிட்டு, "பேசு, ஆனா இந்தத் தடவ வயச கரெக்டா சொல்லு" என்றாள்.

அக்காவுக்கு 36 வயது.